பிஎம்ஆர் சீட் கிடைத்திருக்கிறது, சேரலாமா?

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவள். வயது 26. எம்பிபிஎஸ் முடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு நீட் பிஜி எழுதினேன். எலும்பு மருத்துவம் எடுக்க ஆசை. என் ரேங்குக்கு எம்.டி. பிஎம்ஆர், அதாவது உடலியக்க மறுவாழ்வு மருத்துவம்தான் கிடைத்திருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் அப்பா, “பிசியோதெரபி பார்க்கவா டாக்டருக்குப் படிச்சே?” என்கிறார். இன்னொரு வருடம் படித்து மறுபடி எழுதச் சொல்கிறார்கள் நண்பர்கள். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது பார்த்த ஒருவர் மட்டும் எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறார். பனையேறி, முப்பது வயதுகூட இருக்காது. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்து வந்தார். ஆபரேஷன் நன்றாக நடந்தது, பன்னிரண்டாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனார். மூன்று மாதம் கழித்து, பின்னிடுப்பில் கை நுழையும் அளவு புண்ணோடு வந்து எங்கள் வார்டிலேயே இறந்துபோனார். பிஎம்ஆர் இவரைப் போன்றவர்களுக்கானதா? அதில் ஒரு டாக்டருக்கு என்ன வேலை? வருமானமும் மரியாதையும் இருக்குமா? பத்து நாளில் முடிவெடுக்க வேண்டும்.

பதில்:

அன்புள்ள டாக்டர்,

வருமானம், மரியாதை, அப்பா எல்லாவற்றுக்கும் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பனையேறியைப் பற்றிப் பேச வேண்டும். அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த மூன்று மாதம் அவர் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக அதே கதையைப் பல வீட்டார் வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆம்புலன்சிலிருந்து இறக்கி நேரே கட்டிலில் படுக்கவைத்திருப்பார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நாம் தூங்கும்போது உடம்பு அழுத்தம் தாங்காமல் தானாகப் புரண்டு படுக்கும். அவர் உடம்புக்கு அந்தச் செய்தியே போகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று அவர் மனைவியிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் டிஸ்சார்ஜ் அன்று, பில், ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றோடும் சேர்த்து அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். பின்னிடுப்பில் ஒரு நாள் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருக்கும். பவுடர் போட்டிருப்பார்கள். யூரின் டியூப் மாதக்கணக்கில் மாற்றாமல் கிடந்திருக்கும். அப்புறம் காய்ச்சல் வந்திருக்கும்.

ஆபரேஷன் செய்தவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். அந்த மனிதரை உட்காரவைத்து, புண் வராமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளப் பழக்கி, சிறுநீர் மலம் இரண்டையும் அவரே கவனிக்கும்படி செய்து, சக்கர நாற்காலியில் வீட்டுக்கு அனுப்புகிற வேலை ஒன்று மிச்சம் இருந்தது. அதைச் செய்ய ஆள் இல்லை. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். ஆமாம், பிஎம்ஆர் இவருக்கானது.

இது புதிதாகக் கண்டுபிடித்த பிரச்சினையும் இல்லை. இரண்டாம் உலகப் போர்வரை, தண்டுவடம் அறுந்தவர்கள் இங்கிலாந்திலும்கூட ஓரிரு வருடத்துக்குள் பெரும்பாலும் இறந்துபோனார்கள். காரணம் அதே இரண்டுதான்: படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று. 1944ல் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் இவர்களுக்காக ஒரு பிரிவைத் தொடங்கினார் லுட்விக் குட்மன். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத நரம்பியல் மருத்துவர். அவர் கையில் புது மருந்து எதுவும் பெரிதாக இல்லை. இரவு பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைத்தார், சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் காலி செய்யவைத்தார், பிறகு எழுப்பி உட்காரவைத்து வேலையும் விளையாட்டும் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து அங்கே வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்ஸ் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

நம் ஊரில் இந்தத் துறையைத் தூக்கி நிறுத்தியவரைப் பற்றி அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். தலைமையாசிரியருக்குப் பிடிக்கும். டாக்டர் மேரி வர்கீஸ், 1925ல் கொச்சியில் பிறந்தவர். வேலூர் சிஎம்சியில் மகப்பேறு மருத்துவத்தில் இருந்தார். 1954ல் ஒரு கார் விபத்தில் அவருக்குத் தண்டுவடம் அடிபட்டு, கால்கள் இரண்டும் செயலிழந்தன. அப்போது அங்கே பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதைக் கற்றுக்கொண்டு செய்யத் தொடங்கினார். பிறகு நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். நோயாளிகள் தங்கிப் பழகும் மறுவாழ்வு நிலையம் அங்கே 1966ல் திறந்தது. 1972ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தத் துறை ரேங்க் குறைந்தவர்களுக்கு மிச்சம் விழுந்த துறை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அதற்குக் காரணம் அவர்தான்.

சரி, டாக்டருக்கு என்ன வேலை?

ஒருவர் தண்டுவடக் காயத்தோடு வந்தால், முதல் நாள் ஒரு மணி நேரம் அவரோடு இருப்பீர்கள். ஒரு பக்கத்துக்கு 28 இடமாக, ஊசி முனையாலும் பஞ்சாலும் தொட்டுப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு பக்கமும் பத்துத் தசைகளின் பலத்தைப் பார்த்து எண் போடுவீர்கள். கடைசியில் ஆசனவாயில் விரலால் பரிசோதிப்பீர்கள். பலர் கூச்சப்பட்டு விட்டுவிடும் பரிசோதனை அது. அங்கே உணர்ச்சியோ சுருங்கும் பலமோ கொஞ்சம் மிச்சம் இருந்தால் காயம் முழுமையானது இல்லை, மேலே தேறுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. “நான் நடப்பேனா டாக்டர்?” என்று அவர் கேட்கும்போது, நீங்கள் சொல்லப்போகிற பதில் அந்த விரல் நுனியில் கிடைத்ததாக இருக்கும். அந்தப் பதிலை எப்போது, யார் முன்னால், எந்த வார்த்தையில் சொல்வது என்பதை மூன்று வருடப் படிப்பு முழுக்கக் கற்றாலும் போதாது. நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் சிறுநீர்ப்பை. எங்கள் துறையின் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது. கால் நடக்காததால் இவர்கள் இறப்பதில்லை. நரம்புக் கட்டுப்பாடு போன சிறுநீர்ப்பை உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீரை மேலே தள்ளித் தள்ளிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய குழாய் ஒன்றை அவரே செலுத்திக் காலி செய்துவிட்டு எடுத்துவிடலாம். இதற்கு ஆபரேஷன் தியேட்டர் அளவுக் கிருமி நீக்கம் தேவையில்லை, சோப்பு போட்டுக் கழுவிய கை போதும் என்று அமெரிக்காவில் ஜாக் லாபிடெஸ் 1972ல் காட்டினார். கூரை வீட்டில் இருப்பவருக்கும் இது முடியும் என்ற நிலை அதன் பிறகுதான் வந்தது. முதல் தடவை குழாயைத் தானே போட்டுக்கொண்ட அன்று ஒரு லாரி ஓட்டுநர் என்னிடம், “இனிமே கல்யாண வீட்டுக்குப் போகலாம்ல டாக்டர்?” என்று கேட்டார். துணி நனைந்துவிடுமோ என்ற பயத்தில் எட்டு மாதமாக வாசல் தாண்டாதவர்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது மற்றத் துறையினருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதது. நான் பிஜி இரண்டாம் வருடத்தில் இருந்தபோது ஓர் இரவு கேஷுவாலிட்டியிலிருந்து கூப்பிட்டார்கள். கழுத்தில் அடிபட்டுப் பழைய நோயாளியாக இருந்தவர், தலை வெடிப்பது போல வலி, முகமெல்லாம் வியர்வை, ரத்த அழுத்தம் 190. மூளை ஸ்கேனுக்கு எழுதி வைத்திருந்தார்கள். என் சீனியர் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்து போர்வையை விலக்கிப் பார்த்தேன். கத்தீட்டர் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, குழாயை நேராக்கியதும் சிறுநீர் கொட்டத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் அழுத்தம் இறங்கிவிட்டது. மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் இருந்தால், அடிபட்ட இடத்துக்குக் கீழே ஏற்படும் ஒரு சின்னத் தொந்தரவுகூட இப்படி அழுத்தத்தை ஏற்றிவிடும். இவர்களுக்குச் சாதாரணமாகவே அழுத்தம் 100ஐ ஒட்டித்தான் இருக்கும். அதனால் 150 என்பதே அவசரம். தெரியாமல் விட்டால் மூளையில் ரத்தக் கசிவு. இதை ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. இது டாக்டர் வேலை.

பிசியோதெரபி என்று அப்பா சொன்னதைக் குறைவாக நினைக்கவும் வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் நோயாளியின் தோளைப் பிடித்து எழுப்பி நிற்கவைக்கிறவர் அவர். கை போனவருக்கு ஒரு கையால் சட்டைப் பொத்தான் போடக் கற்றுத்தருபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். செயற்கைக் கால் செய்பவர், பேச்சுப் பயிற்சியாளர், நர்ஸ், சமூகப் பணியாளர் எல்லோரும் வாரம் ஒரு முறை ஒரே மேசையில் உட்கார்ந்து, இந்த மனிதர் எப்போது வீட்டுக்குப் போகலாம், வீட்டு வாசலில் எத்தனை படி இருக்கிறது, கக்கூஸ் கதவின் அகலம் எவ்வளவு என்று பேசுவார்கள். அந்த மேசையில் மருத்துவப் பொறுப்பு உங்களுடையது. தசை இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் மாத்திரை போதுமா, போட்யூலினம் ஊசி போடலாமா, போட்டால் அது வேலை செய்யும் மூன்று மாதத்துக்குள் என்ன பயிற்சியை முடிக்க வேண்டும், எரிகிற நரம்பு வலிக்கு என்ன மருந்து, கால் திடீரென்று வீங்கினால் ரத்தக்கட்டியா என்றெல்லாம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். தெரபிஸ்டின் வார்த்தைக்குக் காது கொடுக்காத பிஎம்ஆர் டாக்டர் நல்ல டாக்டராக வர முடியாது. நோயாளி அழுவதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

தண்டுவடம் மட்டும்தானா என்றால், இல்லை. பக்கவாதம் வந்தவர், சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர், மூளை முடக்குவாதக் குழந்தை, தலைக்காயம், முழங்கால் வலி, முதுகுவலி எல்லாம் உங்கள் ஓபிக்கு வரும். என் தலைமுறை போலியோவோடு வளர்ந்தது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் கடைசி நோயாளி வந்தது 2011 ஜனவரியில். அந்த வார்டுக் கட்டில்களில் இப்போது இரு சக்கர வாகன விபத்தும் சர்க்கரையும் படுத்திருக்கின்றன. மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமிலும் உட்காருவீர்கள். 1995 சட்டத்தில் 7 வகை இருந்தது, 2016 சட்டத்தில் 21 ஆனது. 40 சதவீதம் என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு குடும்பத்தின் உதவித்தொகையும் ஒரு பையனின் கல்லூரி இடமும் தொங்கும். அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக அளக்க வேண்டிய வேலை. சலிப்பாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வருமானம். ஒளிக்காமல் எழுதுகிறேன். படிப்பு முடித்த முதல் ஐந்து வருடம் உங்களோடு படித்த எலும்பு மருத்துவர் உங்களைவிட நிறையச் சம்பாதிப்பார். அரசுப் பணியிடங்கள் எல்லா ஊரிலும் இல்லை. தனியாரில் உங்களை எங்கே வைப்பது என்று பல நிர்வாகத்துக்குத் தெரியாது. நான் முதலில் சேர்ந்த மருத்துவமனையில், டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் மட்டும் நோயாளியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். ஏழு மாதத்தில் அங்கிருந்து வந்துவிட்டேன். அதைவிட வலிக்கிற ஒன்று இருக்கிறது. ஆபரேஷனிலேயே வீட்டார் கையிருப்பு முடிந்துவிடும். நம்மிடம் வரும்போது நகையும் போயிருக்கும். இன்னும் ஆறு வாரம் தங்கினால் இவர் தானாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறிவிடுவார் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களால் ஆறு நாள்கூடத் தாங்க முடியாது. அந்த நாட்களில் வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பிடப் பிடிக்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே போவது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் கத்தீட்டரையும் இறுக்கத்தையும் புண்ணையும் பார்க்க மாவட்டத்துக்கு மாவட்டம் மறுவாழ்வு மருத்துவர்கள் வேண்டும். தென்மாவட்டங்களில் நாம் மிகவும் குறைவு.

அதற்காக வறுமையில் கிடப்பீர்கள் என்றும் நினைக்க வேண்டாம். நரம்பு மின் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் பார்த்து மூட்டுக்குள் போடும் ஊசி, போட்யூலினம், வலி சிகிச்சை, விளையாட்டுக் காயம் எல்லாம் நம் துறைக்குள் வருபவை, நல்ல வருமானம் தருபவை. படிக்கும்போதே அவற்றைக் கையால் செய்து பழகிவிடுங்கள். ஒரு பத்து வருடத்தில் கௌரவமாக வீடு கட்டலாம், பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம். இரவு ட்யூட்டியும் எலும்பு மருத்துவத்தைவிடக் குறைவு. ஆனால் முழுக்க ஊசி டாக்டராகிவிட்டு வார்டை மறந்துவிடாதீர்கள். அப்படி ஆனவர்களை நான் அறிவேன். சிலர் என்னிடம் பயிற்சி பெற்றவர்கள் என்பதால் கூடுதலாக வருத்தம்.

மரியாதை. உங்களை “பிசியோ டாக்டர்” என்று அழைப்பார்கள். சக மருத்துவர்களும் அழைப்பார்கள். எம்பிபிஎஸ்ஸில் இதற்குத் தனித் தேர்வு இல்லாததால் பலருக்கு நாம் என்ன செய்கிறோம் என்றே தெரியாது. முதல் சில வருடம் அது உறுத்தும். ஆனால் ஒரு நோயாளியைப் பத்து வருடம், இருபது வருடம் தொடர்ந்து பார்க்கும் பாக்கியம் எங்களுக்கு உண்டு. கல்யாணப் பத்திரிகை கொண்டுவருவார்கள், குழந்தைக்குப் பெயர் வைக்கக் கேட்பார்கள், கடை திறப்புக்குக் கூப்பிடுவார்கள். வேலூரில் பழைய நோயாளிகள் எல்லாம் திரும்பி வந்து கூடும் ரீஹேப் மேளா என்று ஒன்று நடக்கும். ஒரு முறையாவது போய்ப் பாருங்கள்.

எலும்பு மருத்துவத்துக்காக மறுபடி எழுதுவதா? இதற்கு ஒரே ஒரு விஷயத்தை உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். உடைந்த எலும்பைத் தகடு வைத்து இறுக்கி, எக்ஸ்ரேயில் நேராக நிற்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் இல்லாமல் உங்களால் இருக்க முடியாது என்றால், தயங்காமல் இன்னொரு வருடம் படியுங்கள். அது உண்மையான சந்தோஷம், எங்கள் வேலையில் அது கிடைக்காது. எங்களுக்கு எல்லாம் மெதுவாக வரும். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது என்று 18 செயல்களுக்கு எண் போட்டு 126க்குக் கூட்டும் ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு மாதம் மூன்று பேர் உழைத்து ஒருவரை 61லிருந்து 68க்குக் கொண்டுவருவோம். அந்த ஏழு எண்ணில், அவர் மனைவி காலையில் மறுபடி வேலைக்குப் போக முடிகிறது என்பது இருக்கும். அதைப் பார்த்து உங்களுக்கு நெஞ்சு நிறையுமா என்பதைத்தான் இந்தப் பத்து நாளில் தெரிந்துகொள்ள வேண்டும். ரேங்கைப் பார்த்து மட்டும் சேராதீர்கள். மூன்று வருடம் மனசு இல்லாமல் இந்த வார்டில் நிற்கிற டாக்டரை நோயாளிகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் கணிப்பைக் கேட்டால், நீங்கள் சேரலாம். ஆபரேஷன் நன்றாக நடந்தது என்று எழுதிவிட்டு அதோடு நிறுத்தாமல் மூன்று மாதம் கழித்து நடந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று மாதம்தான் உங்களைத் தொந்தரவு செய்கிறது. என்னையும் இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது அப்படி ஒரு தொந்தரவுதான்.

ஆனாலும் என் பேச்சை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது. 1975ல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஞ்சினியரிங் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981ல் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ராணுவ மருத்துவமனையில் தன்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர் அமர்ஜித் சிங்கின் பெயரை அதற்கு வைத்தார். ஒரு டாக்டர் எப்படி நடந்துகொண்டிருந்தால் நோயாளி ஓர் ஊரையே அவர் பெயரில் கட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். முன்கூட்டியே போனில் கேட்டுக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் அங்கே போங்கள். அப்பாவைக் குழந்தைகள் படிக்கும் பக்கம் விட்டுவிடுங்கள், அவருக்கு நேரம் போவதே தெரியாது.

இன்னொரு நாள், சீட் கிடைத்திருக்கும் கல்லூரியின் பிஎம்ஆர் வார்டுக்குப் போங்கள். துறைத் தலைவரைப் பார்த்து அனுமதி கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் போய்விடுங்கள். கட்டில்கள் எத்தனை, நோயாளிகள் சராசரியாக எத்தனை வாரம் தங்குகிறார்கள், நரம்பு மின் பரிசோதனைக் கருவி ஓடுகிறதா, செயற்கைக் கால் பட்டறை உள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். படுக்கை வசதியே இல்லாத, வெறும் ஓபி மட்டும் நடக்கிற துறையாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், வேறு யோசிக்கலாம். மதியம் மருத்துவர்கள் போன பிறகும் இருங்கள். ஏதாவது ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில், நோயாளியின் மனைவியோ அம்மாவோ உட்கார்ந்திருப்பார். ஊருக்குப் போன பிறகு எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள் என்று அவரிடம் கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.